சத்தமான பேண்டுக்கு நெல்லையில் இடம்: மொட்டைமாடியிலிருந்து லேத் பட்டறை வரை

எங்கள் குழுவில் ஐந்து பேர். டிரம்ஸ், எலெக்ட்ரிக் கிடார், பேஸ் கிடார், பாட்டு, அப்புறம் தவில். பேஸ் என்னுடையது. தவில் வாசிக்கிற தம்பி வள்ளியூர்ப் பக்கம், பரம்பரையாக நையாண்டி மேளத்தில் இருக்கிற வீடு. கிடார்க்காரன் அம்பாசமுத்திரத்திலிருந்து ரயிலில் வருவான். பாடுகிற பெண் பாளையங்கோட்டையில் நர்ஸ், ஷிப்ட் முடிந்து வருவாள். டிரம்ஸ் என் மாமா பையன். இத்தனை பேரும் வாரம் ஒருநாள் ஒரே இடத்தில் கூடி, கதவைச் சாத்திக்கொண்டு முழுச் சத்தத்தில் வாசிக்க ஓர் இடம் வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். கிடைக்க எங்களுக்கு இரண்டு வருஷம் ஆனது.

அந்த இரண்டு வருஷத்தில் நாங்கள் வாசித்துப் பார்த்த இடங்களையும் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்த இடங்களையும் இங்கே வைத்துப் பார்க்கிறேன். நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் புதிதாகக் குழு தொடங்குகிறவர்களுக்கு ஆறு மாத அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

மொட்டைமாடி

எல்லாரும் இங்கேதான் ஆரம்பிப்பார்கள். நாங்களும் பெருமாள்புரத்தில் மாமா வீட்டு மாடியில்தான் ஆரம்பித்தோம். வாடகை கிடையாது, காற்று வரும், அத்தை காப்பி கொண்டுவந்து தருவாள். மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டு ஆச்சி படியேறி வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று எல்லாரும் கையை எடுத்துவிட்டோம். ஆச்சி மூச்சு வாங்க நின்று, "கொட்டுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒரே துண்டையே எத்தன தடவதான் கொட்டுவிய? முழுசா ஒரு பாட்டு கொட்டுங்களேன், கேப்போம்" என்றாள்.

இடம் தேடுவது பற்றி எனக்கு யாரும் இதைவிடச் சரியாகச் சொன்னதில்லை. நம் ஊர்க்காரர்களுக்குச் சத்தம் புதிது இல்லை. கோயில் கொடை என்றால் மூன்று நாள் மேளமும் வில்லுப்பாட்டும் கணியான் மகுடமும் விடிய விடிய நடக்கும். ஊரே உட்கார்ந்து கேட்கும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, ஒரு முடிவும் இருக்கிறது. ஒத்திகையில் இரண்டும் இல்லை. நான்கு வரி, நிறுத்து, திரும்ப அதே நான்கு வரி, இப்படி இரண்டு மணி நேரம். கேட்கிறவருக்கு அது பாட்டே இல்லை. அதனால், "எவ்வளவு சத்தம்?" என்பதோடு, "இந்தத் துண்டு துக்கடாவை யார் காதில் போடப் போகிறோம்?" என்றும் கேட்டுத்தான் இடத்தைப் பார்க்க வேண்டும்.

மாடியில் அந்தக் கேள்விக்குப் பதில் "எல்லார் காதிலும்" என்பதுதான். தடுக்கச் சுவர் கிடையாது, சத்தம் நாலா பக்கமும் போகும். டிரம்ஸைத் தளத்தின் மேல் வைத்தால் காலால் அடிக்கிற பெரிய கிக் டிரம்மின் அதிர்ச்சி கான்கிரீட் வழியாகக் கீழ் வீட்டுக்கும் இறங்கும். சட்டமும் மாடிக்குச் சாதகமாக இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. ஆஸ்பத்திரி, பள்ளி, கல்லூரி, கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவித்தால் 50, 40தான். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. தனியார் இடத்தில் வாசித்தால், நம் எல்லைச் சுவரில் அளக்கும்போது அந்தப் பகுதிக்கான அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. ஒரு டிரம்ஸ் செட் பக்கத்தில் நின்றால் 100 டெசிபலுக்கு மேல் வரும். பெருமாள்புரமோ மகராஜநகரோ என்.ஜி.ஓ. காலனியோ, மாடியில் இந்தக் கணக்கு எங்கேயும் ஒத்துவராது. பாளையங்கோட்டையில் இன்னும் கஷ்டம். தெருவுக்கு ஒரு பள்ளிக்கூடம், நடுவில் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. ஒரு பள்ளியின் 100 மீட்டர் முடிகிற இடத்தில் அடுத்த பள்ளியின் 100 மீட்டர் தொடங்கிவிடும்.

வீட்டுக்குள் ஓர் அறை

மாடி இல்லாவிட்டால் கீழே ஓர் அறையைச் சவுண்ட் புரூப் செய்துவிடலாம் என்று அடுத்து தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. முட்டை அட்டை வாங்கி ஒட்டினோம். பத்தமடைப் பாய் நான்கை வாங்கிச் சுவரில் தொங்கவிட்டோம். அறைக்குள் எதிரொலி கொஞ்சம் குறைந்தது, டிரம்ஸின் சிம்பல் ஓசை காதைக் கிழிக்காமல் மெத்தென்று வந்தது. வெளியே போய்க் கேட்டால் எந்த மாற்றமும் இல்லை.

காரணம் இதுதான். உள்ளே எதிரொலியைக் குறைப்பது ஒரு வேலை, சத்தம் வெளியே போகாமல் தடுப்பது வேறு வேலை. மென்மையான பொருள் முதல் வேலையைச் செய்யும். இரண்டாவதற்குக் கனம் வேண்டும். பேஸ் கிடாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிரும், அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். கோரைப்பாயின் கனம் அதற்கு ஒன்றுமே இல்லை. முட்டை அட்டையில் இன்னொரு ஆபத்து, தீப்பொறி பட்டால் உடனே பிடித்துக்கொள்ளும். கிடார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்பும் வயரும் கிடக்கிற அறையில் அதை ஒட்டவே ஒட்டாதீர்கள். நாங்கள் கிழித்து எறிந்துவிட்டோம்.

இரண்டு பக்கமும் பூசிய ஒன்பது இஞ்சு செங்கல் சுவர் ஏறக்குறைய 50 டெசிபல் மறிக்கும். நல்ல சுவர்தான். ஆனால் நம் வீடுகளில் ஜன்னலுக்கு மேலே ஒரு வென்டிலேட்டர் வைத்திருப்பார்கள். 12 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் என்றால் 120 சதுர அடி. அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 1.2 சதுர அடி திறந்திருந்தால், அந்தச் சுவர் முழுசும் சேர்ந்து 20 டெசிபல்தான் மறிக்கும். எங்கள் வென்டிலேட்டர் இரண்டு அடிக்கு ஓர் அடி. அதை அடைத்தோம். அப்புறம் கதவுக்கடியில் அரை இஞ்சு சந்து, ஏ.சி. குழாய்க்கு இடித்த ஓட்டை, சுவிட்ச் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. எல்லாவற்றையும் அடைத்தபோது சித்திரை மாதம். ஐந்து பேர் அரை மணி நேரம் வாசித்ததும் தவில் தம்பிக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். காற்று வர வழி வைத்தால் சத்தமும் அந்த வழியாகப் போகும். இரண்டும் சரியாக நடக்க வேண்டும் என்றால் அறைக்குள் அறை கட்டி, வளைத்து வளைத்துக் காற்றுக் குழாய் வைக்க வேண்டும். சொந்த வீடு, கையில் காசு, பத்து வருஷம் அங்கேயே இருப்போம் என்ற உறுதி, மூன்றும் இருந்தால் செய்யுங்கள். வாடகை வீட்டில் இந்தச் செலவு வீண்.

சின்ன அறைக்கு இன்னொரு குறை, அது நம் காதுக்கே கேடு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவுப்படி 85 டெசிபலை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஐந்து பேர் வாசித்தால் 100-ஐ எளிதாகத் தாண்டும். எங்கே வாசித்தாலும் காதில் ஸ்பாஞ்சு அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், மெடிக்கல் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாசித்துவிட்டு வீட்டுக்குப் போனபின் காதில் "கொய்ங்" என்று கேட்டால், அது சும்மா வருவதில்லை.

அந்த அறையை நாங்கள் விட்டுவிடவில்லை, வேறு வேலைக்கு வைத்துக்கொண்டோம். பாட்டைக் கற்றுக்கொள்வது, தாளக் கணக்கு போடுவது, யார் எங்கே நிறுத்துவது என்று பேசுவது, இதற்கெல்லாம் சத்தம் வேண்டாம். கிடாரும் பேஸும் ஹெட்போனில் ஓடும். மாமா பையன் ரப்பர் பேடில் குச்சியால் தட்டுவான். தவிலை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, அதன் இயல்பே முழக்கம்தான். தம்பி விரலில் கூடு போடாமல் வெறும் விரலால் தொடையில் தட்டிச் சொற்கட்டைச் சொல்லிப் பார்ப்பான். இப்படி வீட்டில் வேலையை முடித்துவிட்டு வந்தால், முழுச் சத்தத்தில் வாசிக்க வாரத்துக்கு எட்டு மணி நேரம் தேவைப்பட்டது நான்காகக் குறைந்தது. இடத்துக்குக் கொடுக்கிற காசும் பாதி. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

மண்டபமும் சர்ச் ஹாலும்

கல்யாண மண்டபம் ஆடியிலும் மார்கழியிலும் காலியாகக் கிடக்கும். முகூர்த்தம் இல்லாத நாளில் பேசினால் வாடகையும் குறைப்பார்கள். கரண்டு, கழிப்பறை, காவலுக்கு ஆள், வண்டி நிறுத்த இடம் எல்லாம் உண்டு. குட்டி யானை வண்டி நேராக மேடை வரைக்கும் வந்து சாமான் இறக்கும். குறை என்னவென்றால் எதிரொலி. தரையெல்லாம் டைல்ஸ், சுவரெல்லாம் பளபளப்பு. ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து பின்சுவர் 17 மீட்டர் என்றால், அடித்த அடி போய்த் திரும்ப நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். வேகமான பாட்டில் தவிலின் அடுத்த சொல் விழுவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். முதல் அடி திரும்பி வந்து இரண்டாவது அடியின் மேல் விழும். யார் தப்பு செய்தார்கள் என்றே தெரியாது. ஒத்திகையின் பயனே தப்பைக் கண்டுபிடிப்பதுதானே. அதனால் வாராவாரம் பழக மண்டபம் சரிவராது. மேடை நிகழ்ச்சிக்கு முந்தின வாரம், நிற்பது நடப்பது, மைக் வைப்பது எல்லாம் சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு மண்டபத்தில் மட்டும் எங்களுக்கு மனக்கசப்பு. அட்வான்ஸைத் திருப்பித் தரும்போது, ஏற்கெனவே உடைந்திருந்த பிளக் பாயிண்டுக்கு எங்களிடம் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே நுழைந்ததும் போனில் நாலா பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லையில் டிரம்ஸும் கீபோர்டும் கற்ற பையன்களில் பலர் சர்ச்சில் உட்கார்ந்து கற்றவர்கள். எங்கள் கிடார்க்காரனும் அப்படித்தான். சபை ஹாலில் பெரும்பாலும் நல்ல மைக் செட், சில இடங்களில் டிரம்ஸே நிரந்தரமாக இருக்கும். ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், பேசினால் இளைஞர் கூட்டத்தின் பேரில் நேரம் ஒதுக்கித் தருவார். என்ன பாடுகிறோம் என்பதை ஒளிக்காமல் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், அவர்கள் இடத்துக்கு அந்த மரியாதை முக்கியம். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாற்பது நாளும் கேட்காதீர்கள். டிசம்பரில் கேரல் பயிற்சிக்கே அவர்களுக்கு இடம் பத்தாது. உங்கள் பாட்டும் அவர்கள் மனதும் ஒத்துப்போனால் நகருக்குள் இதுதான் சிறந்த இடம். எங்கள் பாட்டில் பாதி கொடைப் பாட்டு மெட்டு, அதனால் நாங்கள் கேட்கவில்லை.

குழுக்கள் பழக மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாம் ரூம் சென்னை, பெங்களூர் பக்கம் சகஜம். நெல்லையில் நாங்கள் போய்ப் பார்த்த இரண்டு ரெக்கார்டிங் ஸ்டுடியோவும் குரல் பதிவுக்கும் கீபோர்டுக்கும் கட்டியவை, டிரம்ஸ் வைத்தால் பாடகர் நிற்க இடமில்லை. மதுரைக்குப் போகலாம், 160 கிலோமீட்டர். வருஷத்துக்கு இருமுறை என்றால் சரி.

தோப்பு

சேரன்மகாதேவி தாண்டி சித்தப்பாவுக்கு வாழைத் தோட்டம், அதில் பம்புசெட்டை ஒட்டி ஓர் ஓட்டுக் கொட்டகை. ஊரிலிருந்து அரைக் கிலோமீட்டர். இங்கே தூரம்தான் சுவர். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். குழு முழுசும் வாசிக்கும்போது ஒரு மீட்டரில் 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மீட்டரில் 92, 64 மீட்டரில் 74, 512 மீட்டரில் 56. செங்கல்லும் சிமெண்டும் இல்லாமல் குடியிருப்பின் பகல் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. காசு கொடுத்துச் சுவர் கட்டுவதைவிட நடந்து தள்ளிப் போவது மலிவு என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் காற்று இந்தக் கணக்கை மாற்றும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று சத்தத்தைச் சுமந்து கிழக்கே கொண்டு போடும். எங்கோ மேற்கே நடக்கிற கொடை மேளம் பக்கத்துத் தெருவில் அடிப்பது மாதிரி கேட்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ராத்திரி தரை குளிர்ந்ததும் அமைதியான காற்றில் சத்தம் இன்னும் தூரம் போகும். ஆகவே தோப்பு ஊருக்குக் கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்று பாருங்கள். ஊருக்குக் கிழக்கே இருந்தால் ஆடியிலும் வாசிக்கலாம்.

தோப்பை நாங்கள் விட்டதற்குக் கரண்டு ஒரு காரணம். பம்புசெட் இணைப்பு விவசாயத்துக்காக அரசு இலவசமாகத் தருவது. அதில் ஆம்ப்பைச் சொருகினால் அது முறையில்லாத பயன்பாடு, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இரு மடங்கு கட்டணம் போடுவார்கள். போடப்படுவது சித்தப்பா மேல். நமக்கு இடம் கொடுத்த மனிதருக்கு அப்படி ஒரு நோட்டீஸ் வரவைக்கக் கூடாது. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தோம், அதன் சத்தமும் டீசல் செலவும் இரண்டு வாரத்தில் அலுத்துவிட்டது. சாமானை அங்கே வைத்துவிட்டும் வர முடியாது. ஒவ்வொரு முறையும் குட்டி யானையில் ஏற்றி, வரப்புவரை இறக்கி, அங்கிருந்து தலைச்சுமையாக. ஐப்பசி பிறந்துவிட்டால் வரப்பும் கிடையாது, சேறுதான்.

பழைய ரைஸ் மில்

வீரவநல்லூர்ப் பக்கம் ஓடாமல் கிடக்கிற ஓர் அரிசி ஆலை. இதைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்னும் ஆசை விடவில்லை. சுண்ணாம்புக் காரையில் கட்டிய கனமான சுவர். நாலா பக்கமும் நெல் காயப்போடும் களம், அதனால் எந்த வீடும் பக்கத்தில் இல்லை. உள்ளே முப்பது அடி உயரக் கூரை. சுவர்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல், மிஷின் மேடையும் தொட்டியும் குறுக்கே நிற்பதால் மண்டபம் மாதிரி எதிரொலி இல்லை. முதல் நாள் எல்லாரும் வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது பாடுகிற பெண் மைக் இல்லாமல் நடுவில் நின்று சும்மா ஒரு ஆலாபனை எடுத்தாள். குரல் மேலே போய், தகரத்தைத் தொட்டு, பஞ்சு மாதிரி இறங்கிவந்தது. தவில் தம்பி கழியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். ஓசைக்கு மட்டும் மதிப்பெண் என்றால் இந்த மில்தான் முதல்.

குறைகளையும் சொல்கிறேன். உமித்தூசி பல வருஷமாக உத்தரத்தில் படிந்து கிடந்தது. கிக் டிரம் அடிக்க அடிக்க மேலிருந்து கொட்டி, ஆம்ப் குமிழ்களுக்குள் போய்க் கரகரத்தது. எலி இரண்டு கேபிளைக் கடித்துவிட்டது. மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் நம் பாட்டு நமக்கே கேட்காது. கரண்டு இணைப்பைத் துண்டித்திருந்தார்கள், புதிதாக வாங்க உரிமையாளர் கையெழுத்து வேண்டும். பங்காளிகள் மூன்று பேர். இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை என்றுதான் நான் வாதாடினேன்.

சமாளிக்க முடியாதது வேறு. அங்கே கழிப்பறை இல்லை. மெயின் ரோட்டுக்கு வர இருட்டில் முக்கால் கிலோமீட்டர். கடைசி பஸ்ஸை விட்டால் யாராவது பைக்கில் கொண்டுவிட வேண்டும். மூன்றாவது வாரம் அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அண்ணே, எனக்கு மில்லு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா வாராவாரம் வீட்ல ஒரு பொய் சொல்லிட்டு வர முடியாது." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஐந்து பேரில் நான்கு பேருக்குத் தோது என்பது தோது இல்லை. இடம் பார்க்கப் போகும்போது குழுவில் உள்ள பெண்களைக் கூட்டிக்கொண்டு போங்கள், அதுவும் பகலில் இல்லை, திரும்பி வரப்போகிற நேரத்தில். நாங்கள் ஆண்கள் நான்கு பேரும் பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவுசெய்தோம். அது எங்கள் தவறு.

வெள்ளத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஏறி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. அப்போது எங்கள் டிரம்ஸ் ஆற்றை ஒட்டி ஒரு நண்பன் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்தது. தண்ணீர் வடிந்தபின் போனால், கிக் டிரம்மின் பிளைவுட் ஊறி, வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. சேற்றை வழித்து வழித்து மாமா பையன் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினான், ஒன்றும் பேசவில்லை. ஆற்றுக்கும் குளத்துக்கும் பக்கத்தில் கீழ்த்தளம் மலிவாகக் கிடைத்தால், அந்தத் தெருவில் 2023-இல் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று எதிர்வீட்டில் கேளுங்கள். சுவரில் கோடே காட்டுவார்கள்.

லேத் பட்டறை

கடைசியில் அமைந்தது பேட்டை தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறை. பட்டறை அண்ணாச்சி கிடார்க்காரனின் அப்பாவோடு படித்தவர். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. மதியம் மூன்று மணியிலிருந்து ஏழு மணிவரை எங்களுக்கு.

மில்லோடு ஒப்பிட்டால் ஓசையில் இது ஒரு படி கீழேதான். தகரக் கூரை தாழ்ந்தது, ஷட்டர் பெரியது. மற்ற எல்லாவற்றிலும் மேலே. ஞாயிற்றுக்கிழமை சுற்றிலும் உள்ள பட்டறைகளும் பூட்டிக்கிடக்கும், ஒரே துண்டை முப்பது தடவை அடித்தாலும் கேட்க ஆள் இல்லை. தொழிற்பகுதியின் பகல் அளவு 75, குடியிருப்பைவிட 20 டெசிபல் அதிகம். அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிறவன் பேட்டை ஸ்டேஷனிலேயே இறங்கிவிடுகிறான். வள்ளியூர்த் தம்பி புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ் பிடிக்கிறான். பாடுகிற பெண் ஏழரைக்குள் வீட்டில் இருக்கிறாள். கழிப்பறை உண்டு, ரோட்டில் விளக்கு உண்டு, டீக்கடை உண்டு. சாமானை வைத்துப் பூட்ட அண்ணாச்சி ஒரு மூலையில் கம்பிவலைத் தடுப்பு போட்டுத் தந்தார்.

கரண்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆம்ப்பில் விடாமல் வருகிற "ம்ம்ம்" என்ற இரைச்சலுக்கு நாங்கள் இரண்டு வருஷம் கேபிளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். பட்டறையில் மிஷினுக்காக ஒழுங்காக எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே சொருகிய முதல் நாளே இரைச்சல் காணாமல் போனது. மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று அடிப்பதும் நின்றது. எந்த இடத்தைப் பார்த்தாலும் முதலில் எர்த்தைச் சோதித்துவிடுங்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது. வார நாளில் பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் நடந்தால் ஸ்பீக்கரில் பொரிகிறது, ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை.

பட்டறைக்கே உரிய ஒரு சிக்கல் இரும்புத் துருவல். லேத்தில் சீவி விழுகிற சுருளும் தூளும் தரையெங்கும் கிடக்கும். ஸ்பீக்கருக்குள் காந்தம், கிடாரில் தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பிலும் காந்தம். முதல் வாரம் என் பேஸைத் தரையோரம் சாய்த்து வைத்தேன், எடுக்கும்போது பிக்கப் மேல் மீசை மாதிரி இரும்புத்தூள் நின்றது. செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்து அரை மணி நேரம் எடுத்தேன். இப்போது வந்ததும் முதல் வேலை பெருக்குவது, அப்புறம் தார்ப்பாய் விரிப்பது, அதன் மேல்தான் எதையும் வைப்பது. ஆம்ப்புகளை வாரம் முழுக்கத் துணி உறையில் கட்டி, மர மேடை மேல் வைத்துவிடுகிறோம். எண்ணெய்த் தரையில் கிக் டிரம் நழுவும், அதற்குக் கீழே பழைய கம்பளத்தை ஒட்டுப்பலகையில் அடித்துப் போட்டோம்.

ஷட்டர் இன்னொன்று. என் தடித்த தந்தியைத் தொட்டால் போதும், முழு ஷட்டரும் கூடவே தடதடக்கும். சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி, ஷட்டர் ஓடுகிற இரு பக்கக் காடியிலும் அண்ணாச்சியே திணித்துக் கொடுத்தார். பாதிக்கு மேல் நின்றுவிட்டது. மீதிக்கு நான் ஆம்ப்பை ஷட்டருக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஏற்பாட்டைத் தாளில் எழுதிக்கொண்டோம், ஒரு பக்கம்தான். மாதம் 2,500 ரூபாய், மின்சாரத்துக்குத் தனி. மிஷின் மேல் யாரும் சாயக் கூடாது, தண்ணீர் பாட்டில் வைக்கக் கூடாது. ஏழு மணிக்குக் கடைசி அடி. சாவி ஒருவர் கையில் மட்டும். தொழிற்பேட்டை இடமாக இருந்தால், உள்வாடகைக்கு விடக் கூடாது என்று பட்டறைக்காரரின் பத்திரத்தில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், நம்மால் அவர் மாட்டக் கூடாது. எங்கள் அண்ணாச்சி ஞாயிறு மதியம் கணக்கு எழுத அங்கேயே உட்கார்ந்திருப்பார். நான்காவது வாரம் கணக்கு நோட்டை மூடிவிட்டு, "அந்த மூணாவது பாட்டுல தவிலு கொஞ்சம் முந்துதுல்லா தம்பி" என்றார். முந்தத்தான் செய்தது.

இனி பார்க்க வேண்டியது கோடை. மாசி முடிவதற்குள் தகரத்துக்குக் கீழே தென்னங்கீற்று வேய்ந்து பார்க்கலாமா, தீப்பொறி பறக்கிற பட்டறையில் கீற்று சரிப்படுமா என்று யோசித்து, கீற்று வேண்டாம், கூரை மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சித்திரை, வைகாசியில் நேரத்தை நான்கரையிலிருந்து எட்டரைக்கு மாற்ற வேண்டிவரும். அதற்குப் பாடுகிற பெண் வீட்டில் நானே போய்ப் பேசுகிறேன் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.

பட்டறை சனிக்கிழமை ஐந்து மணிக்கு மேல் சும்மாதான் கிடக்கிறது. டவுன், பேட்டை, சுத்தமல்லிப் பக்கம் வேறு குழு யாராவது இடமில்லாமல் இருந்தால் கேளுங்கள், அண்ணாச்சிக்குச் சம்மதம்தான். வாடகையைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம், டிரம்ஸையும் வாசித்துக்கொள்ளுங்கள். தார்ப்பாயை மட்டும் விரித்துவிட்டு வாசியுங்கள்.